நெஞ்சில் உட்கார்ந்த குவாய் சாக்

ஈப்போ நகரில், ஒரு தென்னைகூட இல்லாத தென்னஞ்சந்தில், பதினோராம் எண் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக் குழம்பும் ரசமும் சாப்பிட்டுவிட்டு இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் கோத்துக்கொண்டு மல்லாந்து கண்ணயர்ந்த மாசிலாமணியின் மேல் ஒரு பேய் வந்து உட்கார்ந்தது. அதுவரைக்கும் அதில் ஒரு அதிசயமும் இல்லை. அந்தச் சந்தில் பேய் வந்து உட்காராத நெஞ்சே கிடையாது. வரும், ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ உட்காரும், ஆள் கத்த நினைத்துக் கத்த முடியாமல் தவித்துக் கால் கட்டைவிரலை எப்படியோ அசைத்ததும் எழுந்து போய்விடும். இது போகவில்லை. மூன்று மணிக்கு மனைவி தனபாக்கியம் காப்பி கொண்டுவந்து வைத்தபோதும் உட்கார்ந்திருந்தது, ஆறு மணிக்கு விளக்கேற்றியபோதும் உட்கார்ந்திருந்தது, திங்கட்கிழமை காலை சந்தே பசியாறி முடித்து வேலைக்குக் கிளம்பியபோதும் அது பாட்டுக்கு உட்கார்ந்தே இருந்தது. மகள் மேகலாவின் கல்யாணத்துக்கு இன்னும் சரியாக ஆறு நாள் இருந்தது.

மாசிலாமணிக்கு மட்டும் அதன் முதுகு தெரிந்தது. சாம்பல் நிறச் சட்டை போட்ட குறுகலான முதுகு; முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி, அவசரமும் இல்லாமல் அலுப்பும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அவருடைய பனியன் நடுவில் பள்ளமாக அமுங்கியிருப்பது மட்டும்தான் தெரிந்தது, அங்கே கை வைத்தால் ஈரத்துணியைத் தொட்டதுபோல் ஜில்லென்றிருந்தது. கழுத்துக்கு மேலே எல்லாம் ஒழுங்காக நடந்தது. கண் பார்த்தது, காது கேட்டது, வாய் பேசியது, கஞ்சி இறங்கியது. கழுத்துக்குக் கீழே சுண்டுவிரல்கூட அசையவில்லை. மற்ற காரியங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்கிற மனுஷர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆறாம் எண் வீட்டில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி ரொகாயா இருந்தார், அவரிடம் அதற்குண்டான பாத்திரம் இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாசிலாமணி எப்பேர்ப்பட்ட மனுஷர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அவர் சாக்கடை, குப்பை இவற்றைப் பற்றிய புகார்களை வாங்கும் அரசாங்கக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டவன் பூச்செண்டு கொண்டுவர மாட்டான். மலாயிலும் கான்டனீசிலும் தமிழிலும் பஞ்சாபியிலும் அவரை, அவரைப் பெற்றவளை, அவருடைய ஏழு தலைமுறையைத் திட்டாத வாய் ஈப்போவில் கிடையாது. அத்தனையையும் கேட்டுவிட்டு, பேனா மூடியைத் திறந்து, “சரிங்க, எழுதிக்கிட்டேங்க” என்பார். கதவு நிலையில் கால் விரலை இடித்துக்கொண்டால்கூட அவர் வாயிலிருந்து “அடடா” என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை. ஊரெல்லாம் அவரைத் தங்கமான மனுஷர் என்றது. தனபாக்கியம் மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே எழுந்து போய் எதையாவது துருவவோ இடிக்கவோ ஆரம்பித்துவிடுவாள்.

டாக்டர் வந்தார். பள்ளத்தில் கருவியை வைக்கப் பார்த்தார், அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் இருந்ததால் அது நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் ஓரமாக வைத்துக் கேட்டுவிட்டு, ‘மார்பில் பாரம்’ என்று எழுதி ஒரு வாரத்துக்கு எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சந்துக்காரர்களுக்குப் பேய் போகாததைவிட, அது யாருடைய பேய் என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. கோடி வீட்டுப் பண்டாரம் வந்து இது அமுக்குவான்தான், சந்தேகமே வேண்டாம் என்று சொல்லித் திருநீறு பூசினார். மிஸ்ஸி ரொகாயா, “ஹந்து திண்டே இது, என் மாமியாருக்கு நாற்பது வருஷம் பழக்கம்” என்று சொல்லி ஓதி ஊதினார். எதிர்வரிசையில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஆ லான் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, கான்டனீசில் “குவாய் சாக்” என்றாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். அப்போது ஆ லானின் கடை ரேடியோவில் பழைய கான்டனீஸ் நாடகப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. மாசிலாமணியின் பனியன் பள்ளம் தாளத்துக்கு ஏற்றபடி மெதுவாக ஆடியது. சரி, ஆ லானின் ஆள்தான் என்று மற்ற இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கூட்டம் தாங்காமல் கட்டிலை முன் ஹாலுக்கு நகர்த்தினார்கள். திங்கட்கிழமை வந்தவர்கள் பேயைப் பார்க்க வந்தார்கள், செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் கல்யாண வேலைக்கு வந்தார்கள், புதன்கிழமை வந்தவர்கள் வெறுமனே வந்தார்கள். பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் வெற்றிலை பாக்கு போட்டார்கள். கட்டிலின் மேல் எதை வைத்தாலும் நடுவில் மட்டும் நிற்காது என்பதைப் பழகிக்கொண்டு பைகளை அவருடைய கால் பக்கம் அடுக்கினார்கள். ஆ லான் காலையில் இரண்டு கோப்பை காப்பி அனுப்பினாள், ஒன்று மாசிலாமணிக்கு, ஒன்று மேலே இருப்பவருக்கு. ஊரில் சாக்கடை அடைத்தவர்கள் கவுண்டர் வரைக்கும் போவானேன் என்று நேரே கட்டிலுக்கு வந்து புகார் சொன்னார்கள், அவர் “சரிங்க” என்றார், மேகலா எழுதிக்கொண்டாள். திட்டுகிறவர்கள் மட்டும், பேய்க்கு முன்னால் எப்படி என்று கொஞ்சம் குரலைத் தணித்துத் திட்டினார்கள்.

மருந்துகளும் குறைவில்லாமல் வந்தன. தலையணைக்கு அடியில் கத்தரிக்கோல், பழைய பூட்டு, பாக்குவெட்டி, ஒரு லோரியின் ஸ்பேனர் என்று ஒரு இரும்புக் கடையே சேர்ந்தது. கால்மாட்டில் துடைப்பமும் பிய்ந்த செருப்பும் வைத்தார்கள். பம்ளிமாஸ் இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரால் முகம் துடைத்தார்கள், நிலைக்கண்ணாடியைத் திருப்பி வைத்தார்கள், கால் வாசலைப் பார்க்கக்கூடாது என்று கட்டிலைத் திருப்பினார்கள், தலை வடக்கே போய்விட்டது என்று மறுபடி திருப்பினார்கள். பேய் கட்டிலோடு சேர்ந்து சுற்றிவிட்டு முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டது.

புதன்கிழமை மத்தியானம் ஆ லான் கடையைப் பாதி சாத்திவிட்டு, ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவள் ரப்பர் தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவள், அவளுடைய தமிழ் தோட்டத்துத் தமிழ். மாசிலாமணியை மட்டும் தன் மொழியில் ‘கோ’, அண்ணன், என்று கூப்பிடுவாள்.

“மணி கோ, இதெல்லாம் வேலைக்கி ஆவாது. எங்க அம்மா ஒரே ஒரு மருந்துதான் சொல்லுவாங்க. திட்டணும். அழுக்கா திட்டணும். இந்தப் பேய்க்கி சாமி பேரு பயமில்ல, கத்தி பயமில்ல. கெட்ட வார்த்தைன்னா மட்டும் எழுந்து ஓடிரும்.”

“எனக்கு வராதே, ஆ லான்.”

“இருவத்தெட்டு வருஷமா கேக்குறீங்கல்ல? அதுல ஒண்ண எடுத்துச் சொல்லுங்க.”

“கேட்டிருக்கேன். சொன்னதில்ல.”

ஆ லான் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்களே தவிர யாரும் எழுந்து போகவில்லை. அவள் தன் தாய்மொழியில் ஒரு சொல்லைச் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. சின்னச் சொல்தான், ஆனால் ஒரு மனுஷனைப் பெற்றவள் வரைக்கும் போய் வரக்கூடியது. அவள் அதைச் சொன்ன விதத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோனது.

மாசிலாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கவுண்டரில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார், சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்த்தார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பேய் எழுந்திருக்கவில்லை, யாரோ மரியாதையாக நலம் விசாரித்த மாதிரி இன்னும் கொஞ்சம் சௌகரியமாக நகர்ந்து உட்கார்ந்தது, அவருக்கு மூச்சு முட்டியது.

“ஐயோ மணி கோ! வாயிலேருந்து வருது. வயித்துலேருந்து வரணும். யாரையாச்சும் நெனச்சிக்குங்க. உங்களுக்கு யாரு மேல கோவம்?”

மாசிலாமணி கண்ணை மூடி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

“யார் மேலயும் இல்லையே” என்றார்.

தனபாக்கியம் கையில் தேங்காய் மூடியோடு வெளியே வந்தாள். “அவர வற்புறுத்தாத ஆ லான். எங்கப்பாவ பந்தியிலேருந்து எழுப்புனப்பவே அவருக்கு கோவம் வரல. இப்பவா வரப்போவுது?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். துருவுகிற சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், இதே ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில், மாசிலாமணிக்கும் தனபாக்கியத்துக்கும் கல்யாணம் நடந்தது. பெண்ணின் அப்பாவுடைய பேர் அப்பாவு, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அதிகாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மகளைத் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டு, எல்லோரும் சொன்னார்கள் என்று முதல் பந்தியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, சோற்றில் பருப்பைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார். மாசிலாமணியின் அண்ணன் ரெங்கசாமி, எந்த விசேஷத்துக்குப் போனாலும் அங்கே தானே தலைவராகிவிடுகிற ரெங்கசாமி, பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்து, “பெருசு, கொஞ்சம் எழுந்திரிங்க, டத்தோ வந்திருக்காரு, பட்டம் வாங்குன பெரிய மனுஷரு, நீங்க அடுத்த பந்தியில பாத்துக்கலாம்” என்றார். அப்பாவு எழுந்தார். பிசைந்த சோறு கையில் ஒட்டியிருக்கக் கையைக் கழுவினார், மகளைப் பார்த்துச் சிரித்தார், பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனார். செத்துப்போகிறவரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவரில்லை. மாசிலாமணி மாலையும் கழுத்துமாக மூன்று எட்டு தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் நெஞ்சுவரைக்கும் வந்தது. அண்ணன் என்கிற மரியாதை அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து தனபாக்கியம் ரெங்கசாமியிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்தால் காப்பியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மகள் கல்யாணத்துக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முதல் பந்தியில் முதல் இலை செத்துப்போன தன் அப்பாவுக்கு, அதில் எல்லாம் பரிமாற வேண்டும், யாரும் உட்காரக்கூடாது. மாசிலாமணி சரி என்றிருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்கிறவர் என்பதால் அவளுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெங்கசாமி கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். அவருடைய ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு சொல்லில் ஒன்று கெட்ட வார்த்தையாக இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு எழுதினால் அவர் பேச்சில் பாதிதான் மிஞ்சும், மிஞ்சியது இது:

“என்னடா இது, கல்யாணத்த வச்சிக்கிட்டு படுத்துட்டே? பேயாம், பிசாசாம். சரி படு, எல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

கட்டில் பக்கத்தில் கிடந்த சாய்வு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கூடியிருந்த பெண்கள் தாம்பூலப் பைகளோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். மேகலா பேனாவும் கையுமாகக் கட்டில் தலைமாட்டில் நின்றாள்.

“மொத பந்தி என் ஆளுங்களுக்கு. கே.எல்.லேருந்து இருவத்தஞ்சு பேரு வர்றாங்க, அதுல ரெண்டு டத்தோ. மாப்பிள்ள வீட்டுக்காரங்கள மூணாவது பந்திக்கி தள்ளு. குப்ப லோரி ஓட்டுறவன் குடும்பந்தானே, காத்திருந்து பழக்கம் இருக்கும்.”

மாப்பிள்ளையின் அப்பா காளிதாஸ் குப்பை லோரி ஓட்டுகிறவர்தான், மாசிலாமணியின் இலாகாவில்தான் வேலை, இருவரும் இருபது வருஷமாக ஒரே மேசையில் காப்பி குடித்தவர்கள். மேகலாவின் முகம் சிவந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“அண்ணே, அது வந்து, அவங்கதானே சம்பந்தி…” என்றார் மாசிலாமணி.

“அட, நீ சொல்ல வேணாம்டா. தெரியாம வந்து உக்காந்துட்டானுங்கன்னா விடு, நான் போயி எழுப்பி விட்டுக்கிறேன்.”

அடுப்படியில் துருவுகிற சத்தம் நின்றது. அது நின்றதைத்தான் மாசிலாமணி முதலில் கேட்டார். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் அது எப்போதெல்லாம் நின்றது, எப்போதெல்லாம் வேகமாக ஆரம்பித்தது என்பதெல்லாம் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது. மாமனாரின் கை ஞாபகத்துக்கு வந்தது, விரலில் ஒட்டிய பருப்புச் சோறு, குழாய்த் தண்ணீரில் அது கரைந்து போனது. காளிதாஸின் வயசான அத்தை ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். பெண் பார்க்க வந்தபோது, லோரிக்காரன் வீட்டுக்குப் பெண் கொடுப்பார்களா என்று பயந்து பயந்து வாசலிலேயே நின்றவள். அவள் இலையிலிருந்து எழுந்து நிற்பதை நினைத்தார்.

அப்புறம் மாசிலாமணி அந்தச் சொல்லைச் சொன்னார்.

அண்ணனின் முகத்தைப் பார்த்து, ‘ங்க’ இல்லாமல், ஆ லானே ஒரு நாளும் சொல்லாத அளவுக்கு முழுசாக, வயிற்றிலிருந்து சொன்னார். தென்னஞ்சந்து முழுக்க அது கேட்டது. எதிர்க்கடையில் ஆ லானின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது, மிஸ்ஸி ரொகாயா தன் வாசலில் “அஸ்தஃபிருல்லா” என்று சொல்லி, பிறகு யார் சொன்னது என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார். பேய் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தது. அதன் முகம் எப்படி இருந்தது என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். “ரொம்ப நேரம் காத்திருந்து, கவுண்டர்ல தன் நம்பரக் கூப்பிட்டதும் எழுந்திரிக்கிறவங்க மூஞ்சி மாதிரி இருந்திச்சி” என்று மட்டும் சொன்னார். அது எழுந்தது, சட்டையை நீவி விட்டுக்கொண்டது, ஒரு எட்டு நடந்து சாய்வு நாற்காலியில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த ரெங்கசாமியின் நெஞ்சின் மேல், இந்தத் தடவையும் ஜன்னலைப் பார்த்து, உட்கார்ந்துகொண்டது.

மாசிலாமணி கால் மரத்துத் தள்ளாடி எழுந்து நின்றார். “மாப்பிள்ள வீட்டுக்காரங்கதான் மொத பந்திண்ணே” என்றார், தன் பழைய குரலில்.

தனபாக்கியம் அடுப்படி வாசலில் தேங்காயும் கையுமாக நின்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவளுக்கு அவரை அவ்வளவு பிடித்தது. எல்லோரும் ரெங்கசாமியைச் சூழ்ந்துகொண்ட சமயம் பார்த்து அவரை உள்ளே இழுத்துப்போய், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அவர் காதில் சொன்னார். “ச்சீ!” என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

ரெங்கசாமி வெள்ளிக்கிழமை பூராவும் திட்டினார், சனிக்கிழமை பூராவும் திட்டினார். தெரிந்த மொழியிலெல்லாம் திட்டினார், தெரியாத மொழிகளுக்கு ஆ லானைக் கூப்பிட்டுக் கேட்டுத் திட்டினார். பேய், மழைச் சத்தம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆ லான் உதட்டைப் பிதுக்கினாள்.

“இவருக்கு இந்த மருந்து ஏறாது. தெனமும் சாப்புடுறாரு. இவரு வாயிலேருந்து இதுவரைக்கும் வராத வார்த்த ஒண்ணு இருக்கும், அத சொல்லச் சொல்லுங்க.”

அது என்ன வார்த்தை என்று ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. ரெங்கசாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் அவர் முதல் தடவையாக வாயை மூடினார். ராத்திரி சாப்பாட்டுக்கும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரியப்பாவை வீட்டில் போட்டுவிட்டு எப்படிக் கல்யாணம் நடத்துவது என்று எல்லோரும் கையைப் பிசைந்து நின்றபோது, காளிதாஸ் தன் லோரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மூன்று தடவை கழுவி, சாம்பிராணி போட்டு, முன்னால் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார். “சம்பந்தி, மூத்தவரு இல்லாம தாலி ஏறலாமா? நாற்காலியோட தூக்குங்க, அலுங்காம ஓட்டுறேன்” என்றார். காரில் நாற்காலி நுழையாது, நாற்காலியை விட்டு ரெங்கசாமி வரமாட்டார். ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பேயின் பாரமும் சேர்ந்துகொண்டதால் ஏழாவதாக ஆ லானும் ஒரு கை கொடுத்தாள். கோலாலம்பூர் தலைவர் குப்பை லோரியில், பட்டு வேட்டி கட்டி, வானத்தைப் பார்த்தபடி ஈப்போ நகரத்தைச் சுற்றிக்கொண்டு மண்டபம் போய்ச் சேர்ந்தார். வழியில் ஜனங்கள் இது ஏதோ புது நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

தாலி கட்டியானது. பந்தி விரித்தார்கள். வரிசையின் முதலில் அப்பாவுவின் இலை, ஆளில்லாமல். அதற்கடுத்து மாப்பிள்ளை வீட்டார், லோரி ஓட்டுகிறவர்கள், சாக்கடை வாருகிறவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள், அந்த வயசான அத்தை. சாய்வு நாற்காலி வேறெங்கும் அடங்காததால் அதையும் அந்த வரிசையிலேயே, அத்தைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ரெங்கசாமியின் இருபத்தைந்து பேர் அடுத்த பந்திக்காக வெளியே காற்றாட நின்றார்கள். டத்தோக்கள் இரண்டு பேரும் பேப்பர் படித்துக்கொண்டு, எந்தக் குறையும் சொல்லாமல் காத்திருந்தார்கள். டத்தோக்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை, அவர்களுக்காக மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்தை தன் இலையில் கை வைப்பதற்கு முன்னால் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். “கை அசையாதாமே. ராத்திரிலேருந்து பட்டினியாமே. வாயத் தொறங்க தம்பி” என்று சொல்லி, அவருக்குப் போட்ட இலையில் சோற்றில் பருப்பைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி அவர் வாயில் வைத்தாள். ரெங்கசாமி மென்றார். மென்று முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அத்தை இரண்டாவது கவளத்தோடு பொறுமையாகக் காத்திருந்தாள், தன் இலையை அவள் இன்னும் தொடவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை.

தனபாக்கியம் பாயச வாளியோடு வரிசையில் வந்தாள். நாற்காலி முன்னால் நின்றாள். ரெங்கசாமி அவளைப் பார்க்காமல், முதல் இலையைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைகிறதா இல்லையா என்கிற மாதிரி, “மன்னிச்சிடும்மா” என்றார்.

பேய் லேசாக எழும்பப் பார்த்தது.

“கேக்கல” என்றாள் தனபாக்கியம். இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. “இன்னொரு தடவ சொல்லுங்க.”

ரெங்கசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய சொந்தக் குரலில், ஒரு மண்டபத்தை அதட்டி அடக்குகிற அந்தக் குரலில், மறுபடி சொன்னார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். பரிமாறுகிறவர்கள் கரண்டியோடு நின்றார்கள். தனபாக்கியம் அவர் இலைக்கு ஒரு கரண்டி பாயசம் ஊற்றினாள், யோசித்து இன்னொரு கரண்டி ஊற்றினாள், அடுத்த இலைக்குப் போனாள்.

பேய் எழுந்துவிட்டதை மாசிலாமணி பார்த்தார். சாம்பார் வாளியோடு வரிசையின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருந்த அவருக்கு மட்டும்தான் அது தெரிந்தது. அது சட்டையை நீவிக்கொண்டு வரிசை நெடுக மெதுவாக நடந்து வந்தது. எல்லா இலையிலும் ஆள் இருந்தது. கடைசியில் அப்பாவுவின் இலை முன்னால் வந்து நின்று, இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

அது என் மாமனாருடைய இடம் என்று சொல்ல மாசிலாமணி வாயைத் திறந்தார். அது அவரை நிமிர்ந்து பார்த்தது. எழுந்திரு என்று சொன்னால் உடனே எழுந்துவிடப்போகிற ஆளின் பார்வை.

மாசிலாமணி வாளியைக் கீழே வைத்து, கரண்டியை எடுத்து, நன்றாகக் குனிந்தார்.

“உக்காருங்க, உக்காருங்க” என்றார். “சாம்பார் போடட்டுங்களா?”